ஏர் எடுத்தல்

கிரேனில் தொங்கி வந்தது பாதி லாரி.
மீதியை உம்முல் குவைனின் உப்புச்சேறு
முப்பத்தொரு வருஷமாகத் தின்றிருந்தது.
பெட்ஃபோர்ட். தண்ணீர் வண்டி.
தொட்டியின் விலாவில் அரபியில் எழுதிய ‘குடிநீர்’
அழிந்து
ஒரு புள்ளி மட்டும் பிழைத்திருந்தது.

“ஓடணும்” என்றார் ஹுமைத்.
“பளபளப்பு வேண்டாம். ஓடணும்.”

ஷார்ஜா சனையா.
ஷட்டருக்குப் பின்னால் நாற்பத்தாறு டிகிரி.
தகரத்துக்கு ரஃபீக்குல்,
கடைசலுக்கு குல் ஸமான்,
இன்ஜினுக்கும் வயருக்கும் நான்.
மூவருக்கும் பொதுவில் கொஞ்சம் இந்தி,
அதிலும் பாதி ஸ்பேனர் நம்பர்.

கதவைத் திறந்தால்
டிரைவர் சீட்டில் மணல் உட்கார்ந்திருந்தது.
பதினேழு வாளி.
வாடகை பாக்கி இல்லாதவன் மிடுக்கோடு
ஒரு பல்லி
எங்களைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனது.

ஆறு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் ஊற்றி
மூடிவைத்தோம்.
காத்திருப்பதும் வேலைதான்,
பில்லில் ஏறாத வேலை.
ஒன்பதாம் நாள்
ஃப்ளைவீலில் கடப்பாறை கொடுத்து நெம்பினேன்.
ஒரு பல். ஒரே ஒரு பல்.
வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிவிட்டு
“நகர்ந்தது அதுவா, நீயா?” என்றான் ரஃபீக்குல்.

கேஸ்கெட் பெஷாவரில் இருக்கிறதாம்.
குல் ஸமானுக்கு எல்லாமே பெஷாவரில் இருக்கும்.
இந்த முறை உண்மையாகவே இருந்தது.
அவன் மச்சான்
பெட்டியில் வாதுமைக்கு நடுவே
மடிப்பு விழாமல் கொண்டுவந்தான்.
இரண்டு நாள் கடையில் எல்லோர் வாயிலும் வாதுமை.

ரூமில் மிக்கேல் கேட்டான்:
“துருப்பிடிச்ச வண்டியைப் பார்த்தா
நம்ம ஞாபகம் வரலியாடா?”
வரவில்லை.
ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரம்தான் ஞாபகம் வந்தது.
துரு துருதான், மிக்கேல்.
மனுஷனை அதன் பக்கத்தில் நிறுத்தினால்
இரண்டுக்கும் மரியாதை இல்லை.
லைட்டை அணை.

வயர் முழுக்கப் புதிது போட்டேன்,
நாலு அங்குலம் தவிர.
ஹெட்லைட்டுக்குப் போகும் வழியில்
எவனோ ஒருவன், டேப் தீர்ந்துபோய்,
சிவப்புக் கட்டத் துணியைக் கிழித்து
மூன்று சுற்றுச் சுற்றி
நுனியை உள்ளே செருகியிருந்தான்.
மீட்டர் வைத்துப் பார்த்தேன். கரண்ட் போகிறது.
அவன் எந்த ஊர், தெரியாது.
கை சுத்தம்.
அதை மாற்றவில்லை,
மாற்றியதாக பில்லும் எழுதவில்லை.

பிறகு ஏர் எடுத்தோம்.
உழவன் எடுக்கும் ஏர் அல்ல,
இந்த மணலில் எதை உழ?
டீசல் குழாயில் புகுந்துகொண்ட காற்று.
நட்டைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினால்
நுரை.
நுரை.
இன்னும் நுரை.
கட்டைவிரல் மரத்துப்போன பிறகு
குமிழில்லாத ஒரு நூல், தேன் நிறத்தில்.
“இறுக்கு!”

இருமியது. கரும்புகை கக்கியது.
நின்றது.
மறுபடி.
இந்த முறை நிற்கவில்லை.
கடக் சாயா கொண்டுவந்த பையன்
தட்டோடு அப்படியே நின்றுவிட்டான்,
ஆறு கப்பிலும் ஆடை விழும்வரை.

ஹுமைத் வந்தார், ஏறினார், குனிந்து பார்த்தார்:
மூன்று பெடல்.
இறங்கினார்.
என் லைசென்ஸ் சின்ன வண்டிக்கு.
குல் ஸமானுடையது காலாவதி.
ரஃபீக்குலிடம் சைக்கிள்.
எழுபத்தேழு நாள் வேலை
கடை வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது,
ஓட்ட ஆளில்லை.

பக்கத்துக் கடையில் ஸ்கூல் பஸ்ஸுக்குக் காற்றடிக்க
வந்திருந்தாள் லில்லிக்குட்டி.
ஹெவி லைசென்ஸ்.
“கிளட்ச் கடினமோ?” என்று கேட்டாள்,
பதிலுக்கு நிற்காமல் ஏறினாள்.
கியர் ஒருமுறை பல்லைக் கடித்தது.
அவளும் கடித்தாள்.
வண்டி போயிற்று.

சோதிக்கத் தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருந்தோம்.
ரோட்டில் ஓர் ஈரக்கோடு
அவள் திரும்பிய பக்கமெல்லாம் திரும்பியது.
எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.
வெயில் குடித்துவிடுமுன்
நான் அந்தக் கோட்டின் பின்னாலேயே நடந்தேன்,
எந்தத் தையல் ஒழுகுகிறதென்று
பார்க்க.